இரண்டாம் இடத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பாலின்டுக்கு இரண்டாம் இடம் என்று திரையில் வந்தபோது ரஞ்சனிக்கு முதலில் கோபம் வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. பாதிச் சோறு தின்ற பிறகு தட்டில் முடி கிடப்பதைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம். செஞ்சி கூட்டு ரோட்டிலிருந்து திண்டிவனம் பக்கம் திரும்பினால் வருகிற பிளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். கணினித் திரையின் மூலையில் சின்னக் கட்டமாக உலகப் போட்டியை ஓடவிட்டு, மீதித் திரையில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காதணி விழா பேனர் செய்துகொண்டிருந்தாள். ஆண்களுக்கான ஐஸ் ஸ்கேட்டிங்கின் கடைசி ஆட்டம். ஹங்கேரிக்காரன் பாலின்ட் இந்த வருஷத்தோடு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டான். முப்பதைத் தொடப்போகிற வயது. தங்கம் மட்டும் கிடைத்ததில்லை. அன்றைக்கு அவன் ஒரு பிசகும் இல்லாமல் ஆடினான். பிளேடு ஐஸில் கீறுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுத்து வந்த தியோ, கனடாப் பையன், மீசை முளைக்காத முகம், நாலு சுற்றுத் தாவலில் ஒரு முறை விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். நடுவர்கள் கலைக்கென்று கொடுக்கிற மதிப்பெண்ணை அவனுக்கு வாரிக் கொடுத்து மேலே தூக்கி வைத்தார்கள். பாலின்ட் கை தட்டினான். அவன் கை தட்டியதுதான் ரஞ்சனிக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு இந்த ஆட்டம் பழக்கமானது ஒரு பேனரால். மாப்பிள்ளையும் பொண்ணும் பனிமலையில் நிற்கிற மாதிரி வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டார் கேட்டார்கள். பனி தேடிப் போன இடத்தில், வெறிச்சென்ற ஐஸ் தரையில் ஒரு ஆள் ஒற்றைக் காலில் வளைந்து போகிற வீடியோ வந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் காத்துக்கிடந்தார்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளே அதிகம் பேசாதவள். பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு அழகு உண்டு என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. முதலாளி சுந்தரமூர்த்திக்கு அது வெள்ளைக்காரன் டான்ஸ். வீட்டில் அதுகூடத் தெரியாது.

பிறகுதான் ‘ஐஸ் ரசிகர்கள்’ என்ற குழுவைத் தொடங்கினாள். சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, டொராண்டோ என்று எங்கெங்கோ இருந்து தமிழ் பேசுகிறவர்கள் சில நூறு பேர் சேர்ந்தார்கள். ஒருநாள் அதில் ஒரு பெண் மழை நனைத்த ஜன்னலைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை. ரஞ்சனி நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, நீங்க செஞ்சியா என்று கேட்டாள். வல்லத்துப் பொண்ணு அனு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு பேரும் தினம் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப் முடிந்ததும் அனு கடைக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு முதலாளி வரமாட்டார், பின்பக்கக் கொட்டகையில் மிஷினும் ஓடாது. ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டே பழைய போட்டிகளைப் பார்ப்பார்கள். அனு பேசுவாள், ரஞ்சனி கேட்பாள். அனுவுக்கு தியோதான் உயிர். “உங்காளு தேரு மாதிரிக்கா. அசையாம வருவாரு, அசையாம போவாரு. எங்காளு கொரங்கு. வுழுவான், எழுவான், பல்லக் காட்டுவான்” என்பாள். ரஞ்சனி சிரிப்பை அடக்கிக்கொள்வாள். முப்பத்தைந்து வயதில் அவளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அந்தச் சின்னப் பெண்தான்.

இந்தச் சனிக்கிழமை அனுவுக்கு லேபில் ஆள் குறைவு, கடைக்கு வர முடியவில்லை. அவள் அங்கே போனில் பார்த்தாள், இவள் இங்கே கணினியில் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாதது, எழுதும்போது சரளமாக வந்துவிடுகிறது.

மதிப்பெண் வந்த கொஞ்ச நேரத்திலேயே குழு சாக்கடையாகிவிட்டது. முதலில் கணக்கு. எந்தத் தாவலுக்கு எவ்வளவு போட்டிருக்க வேண்டும் என்று படம் பிடித்து வட்டம் போட்டார்கள். அது நியாயம். பிறகு நடுவர்களின் பெயர், அவர்களுடைய நாடு. பிறகு அவர்களுடைய அம்மா, அக்கா. தியோவின் கழுத்துக்கு மேல் பன்றித் தலையை ஒட்டி ஒருத்தன் போட்டான். இன்னொருத்தன், நடுவர் ஒருவருடைய மகள் கேக் கடை வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, அந்தக் கடையின் பக்கத்தில் போய்க் கேக்கில் கரப்பான் இருந்தது என்று எழுதிவிட்டு வந்தான். நாமும் எழுதுவோம் என்று ஒரு கூட்டமே கிளம்பியது.

குழுவை நடத்துகிறவள் ரஞ்சனி. ஒரு விரல் வைத்தால் அத்தனையும் அழிந்துவிடும். அவள் வைக்கவில்லை. ஒன்றுவிடாமல் படித்தாள். ஒவ்வொன்றும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் புண்ணின் பொருக்கை நகத்தால் நெம்புகிறவன் போல அடுத்ததை, அதற்கடுத்ததை என்று போய்க்கொண்டேயிருந்தாள்.

அந்த நேரத்தில் அனு எழுதினாள். விழாமல் இருப்பது மட்டும் ஸ்கேட்டிங் இல்லை, பாலின்ட் பத்து வருஷமாக விழக்கூடாது என்பதற்காகவே ஆடிக்கொண்டிருக்கிறார், எங்கள் பையன் ஆடுவதற்காக விழுகிறான் என்று.

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே எண்ணம் என்றைக்கோ ஒரு நாள் அவளுக்கும் வந்திருக்கிறது. வந்ததும் துரத்திவிட்டாள். துரத்தியதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டாளே இவள்.

குழு அனுவின் மேல் பாய்ந்தது. நடுவரிடம் எவ்வளவு வாங்கினாய் என்றான் ஒருவன். ரத்தம் எடுக்கிறவளுக்கு ரசனை எங்கிருந்து வரும் என்றான் மற்றொருவன். அவர்களை மறித்துத் தனக்காகப் பேச ரஞ்சனி வருவாள் என்று அனு எதிர்பார்த்திருப்பாள். ரஞ்சனியோ கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கென்று வைத்திருக்கிற அச்சைத் திறந்தாள்.

அது அவள் கையால் செய்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் தாமரை, மேலே கறுப்புத் திரை. செஞ்சியில் யார் கண்ணை மூடினாலும் அந்தத் திரைக்குக் கீழேதான் வந்து சேரவேண்டும். அதில் அனுவின் படத்தை வைத்தாள். இதே கடையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும்போது எடுத்த படம். பெயர், ஊர், மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. ‘பனியாய்க் கரைந்தாயே, பாதியில் பிரிந்தாயே’ என்று ஒரு வரி. அடியில், கண்ணீரில் மிதக்கும் ஐஸ் ரசிகர்கள், செஞ்சி. முடித்துக் குழுவில் போட்டாள். ரசனை செத்துப்போன சோகம் என்று கீழே எழுதினாள். செத்தது ரசனை என்பது அந்தக் கீழ்வரியில்தான் இருந்தது. போஸ்டரில் இல்லை.

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவி, தலைவி என்று கூவினார்கள். கடைசியில் அனுவும் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பினாள். ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் ரஞ்சனிக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. மத்தியானத்திலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சுந்தரமூர்த்தி கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், கட்சி, பிறந்தநாள் என்றால் பிழை பார்த்து, முன்பணம் வாங்கி, பிறகுதான் மிஷினுக்குப் போகும். சாவு வேலைக்கு அப்படி இல்லை. எழவு வீட்டுக்காரனைக் காக்க வைக்கக்கூடாது, அவனிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம். கண்ணீர் அஞ்சலிக்கென்று கணினியில் தனிப் பெட்டி. டிசைனர் அதில் ஒன்றைப் போட்டுவிட்டால் பின்பக்கக் கொட்டகையில் மிஷின் ஓட்டுகிறவன் வாயைத் திறக்காமல் அடித்து, பசை வாளிக்காரனிடம் கட்டைக் கொடுத்துவிடுவான். விடிவதற்குள் ஊர்ச் சுவரில் ஏறிவிடும். மிஷின் ஓட்டுகிற பீமாராவ் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற அனுவை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ரஞ்சனியோ அந்த அச்சைத் திறந்தாள், வேலையை முடித்தாள், பழகின கை அதைப் பழகின பெட்டியில் போட்டுவிட்டது. போட்டதுகூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சுந்தரமூர்த்தி போன் செய்தார். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் பார்த்தாராம். “போஸ்டர் நல்லா வந்துருக்குதும்மா. அந்தத் தாமரைய இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம். பாவம், சின்ன வயசு. வல்லத்துப் பொண்ணுன்னு போட்டிருக்குது. இன்னாவாம்?”

ரஞ்சனிக்குக் கொஞ்ச நேரம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த காபி தம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அப்படியே நின்றாள்.

அனுவின் போன் அணைந்திருந்தது. லேபில் ரத்தம் எடுக்கிற நேரத்தில் போனை அணைத்து வைப்பது அங்கே சட்டம். கடைக்கு ஓடி, ஒரு வாளித் தண்ணீரும் ஸ்டிக்கர் சுரண்டுகிற தகடும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் அனு சிரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைச் சுவரில், டிரான்ஸ்பார்மரில், மூடிக்கிடந்த பரோட்டாக் கடைக் கதவில். ஈரம் காயாத மைதாப் பசையின் புளித்த வாடை ரோடு முழுக்க. எதைச் சுரண்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் அவள் பஸ் ஸ்டாண்டு மதிலுக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களையெடுத்த கையோடு வந்திருந்தாள். முழங்கால்வரை செம்மண். காலில் செருப்பு இல்லை. நகத்தால் போஸ்டரின் ஓரங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் பிய்த்தாள், தாமரையைப் பிய்த்தாள். முகத்தின் பக்கம் மட்டும் விரல் போகவில்லை. அவளுடைய முகவாயைப் பார்த்ததுமே ரஞ்சனிக்குத் தெரிந்துவிட்டது. அனுவின் அம்மா, பவுனம்மாள்.

உரம் வாங்க வந்த பவுனம்மாளின் தம்பி விநாயகம் முதலில் பார்த்திருக்கிறான். ஊருக்குப் போன் போட்டிருக்கிறான். அனுவுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. செத்தவள் நம்பருக்கு எவன் போன் போடுவான்? பவுனம்மாள் போட்டிருக்கிறாள். அணைந்திருந்தது. அதுவே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. எவனோ ஒருவனுடைய வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, பெண் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றுகூடக் கேட்கத் தெரியாமல், கண்ணில் பட்ட முதல் சுவரில் விழுந்துவிட்டாள்.

அனு நல்லா இருக்காம்மா, லேபில் இருக்கா என்று ரஞ்சனி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். விநாயகம் பின்தெருவுக்கு ஓடினான். பவுனம்மாள் மதிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையில் பிசுபிசுத்த பசையைப் புடவையில் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அனு வந்தாள். பவுனம்மாள் எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். பிறகு முதுகில் இரண்டு அடி வைத்தாள். “போன எதுக்குடி அணைச்ச?” என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. சுற்றி நின்ற பெண்கள், உயிரோடு இருப்பவளுக்குச் சாவு சொன்னால் ஆயுசு கூடும், நல்லதுதான் என்று தேற்றினார்கள். பூக்காரி ஒருத்தி, கண்ணேறு கழிந்தது என்று முடித்துவைத்தாள். விநாயகம் மட்டும், இதை அடித்தவன் எவன், அவன் கையை முறிக்காமல் விடமாட்டேன் என்று குதித்தான்.

“நான்தான்” என்றாள் ரஞ்சனி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பவுனம்மாளும் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு சாமானைக் கையில் வாங்கி இது எதற்கு ஆகும் என்று பார்க்கிற மாதிரி.

“எதுக்கும்மா போட்ட?”

“ஒரு போட்டி நடந்துச்சுங்கம்மா. ஐஸ் மேல ஆடறது.”

“எம்பொண்ணு ஆடுச்சா?”

“இல்ல. பார்த்துச்சு.”

“நீ ஆடுனியா?”

“இல்லம்மா. நானும் பார்த்தேன்.”

“அப்ப யாரு தோத்தது?”

எத்தனையோ இரவு ரஞ்சனி மனதுக்குள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருக்கிறாள். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருத்தி கேட்கிறாள்.

“ஹங்கேரின்னு ஒரு நாடு. அங்க ஒரு பையன். அவனுக்கு மார்க்கு கம்மியா போட்டுட்டாங்க.”

“உனக்கு ஒறவா?”

“இல்ல.”

“அவனுக்கு உன்னத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

பவுனம்மாள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதாவது சொல்வாள், அதில் ஏதாவது புரியும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு பவுனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாகத் துப்பினாள். ரஞ்சனி மேல் இல்லை. வாயில் ஏதோ கசந்ததைத் துப்புகிற மாதிரித்தான் துப்பினாள். ஆனால் ரஞ்சனிக்கு முகத்தில் ஈரம் பட்டது போலிருந்தது.

விநாயகம்கூட அடங்கிவிட்டான். கையை முறிக்கிற அளவுக்கு இதில் விஷயம் இல்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். அனு கையுறையைக் கழற்றி உருட்டிக் கோட்டுப் பையில் போட்டாள். லேபில் சொல்லிவிட்டு வந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று மாமனிடம் மெதுவாகச் சொன்னாள். மூன்று பேரும் போய்விட்டார்கள்.

ரஞ்சனி சுரண்டத் தொடங்கினாள். மதிலை முடித்து, டிரான்ஸ்பார்மருக்கு வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த போன் ஓயாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். திண்டிவனத்திலிருந்து வந்துபோகிற குழுக்காரன் ஒருவன் பஸ் ஸ்டாண்டு மதிலைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். தலைவி நிஜமாகவே ஒட்டிவிட்டார் என்று எழுதியிருந்தான். நேற்றைவிட நாலு மடங்கு சிரிப்பு. உலகத்தில் எந்த ரசிகனும் செய்யாத எதிர்ப்பு என்றார்கள். நடுவர்களுக்கும் இதே மாதிரி போட அந்த அச்சை அனுப்புங்கள் என்று டொராண்டோக்காரி கேட்டிருந்தாள்.

இது தவறுதலாக நடந்துவிட்டது, அந்தப் பெண்ணின் அம்மா நம்பி ஓடிவந்துவிட்டார், சிரிக்காதீர்கள் என்று ரஞ்சனி எழுதினாள். போன் திரையெல்லாம் கைப்பசை அப்பிவிட்டது. உடனே ஒருவன் கேட்டான். அம்மா ஓடிவந்ததை யாராவது வீடியோ எடுத்தீர்களா?

அவள் டிரான்ஸ்பார்மர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒன்றும் வரவில்லை, புளித்த தண்ணீர்தான் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வெளியே தள்ளி, கடைசியில் குழுவையே கலைத்தாள். அத்தனை பேரைத் தள்ளி முடிக்க நேரம் பிடித்தது. அதனால் மனசு லேசாகவும் இல்லை. அவர்களில் ஒருவன்கூட நேற்று அவள் செய்ததைவிட மோசமாக எதுவும் எழுதிவிடவில்லை. அம்மா ஓடிவந்தது மட்டும்தான் புதுசு. அதையும் கொடுத்தது அவள்தான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வல்லம் வழியாகப் போகிற டவுன் பஸ், ஸ்டாண்டுக்குள்ளிருந்து ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் அனுவின் முகம் ஒட்டியிருந்தது. கிராமத்துச் சாவு என்றால் அந்த வழி பஸ்ஸிலும் ஒன்று ஒட்டிவிடுவது பசை வாளிக்காரனின் பழக்கம். போகிற வழியெல்லாம் சேதி சொல்லிக்கொண்டு போகுமே. உள்ளே, ஜன்னலோரத்தில் பவுனம்மாள். பக்கத்தில் அனு.

ரஞ்சனி ஓடிப்போய் பஸ்ஸின் முதுகில் அறைந்தாள். கண்டக்டர் விசிலை ஊதி நிறுத்தினார். அவள் குதித்துக் குதித்துத் தகட்டால் கீறினாள். எட்டவில்லை. பசை வெயிலில் இறுகிவிட்டிருந்தது. ஒரு ஓரம் மட்டும் கிழிந்து தொங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டேயிருந்தார்.

அனு இறங்கி வந்தாள். கண்ணாடியில் சிரிக்கிற தன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ரஞ்சனி கையிலிருந்த தகட்டை வாங்கினாள். பின்பக்க ஏணியில் ஒரு காலை வைத்து ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுரண்டினாள். ரஞ்சனி கீழேயிருந்து தண்ணீரை விசிறினாள். தண்ணீர் அனுவின் தோளில் வழிந்தது. அவள் திரும்பவில்லை. நெற்றி போயிற்று, கண் போயிற்று, பல் தெரிந்த சிரிப்பு சுருள் சுருளாக ரஞ்சனியின் காலடியில் விழுந்தது.

கீழே இறங்கித் தகட்டை வாளியில் போட்டாள் அனு. பிறகு, லேபில் யாருக்கோ முடிவு சொல்கிற குரலில் சொன்னாள்.

“பாலின்ட் ஆடுனதுதான்க்கா நல்லா இருந்துது. தியோ ரெண்டு வாட்டி வுழுந்தான். எனக்குக் கண்ணு இல்லியா?”

ரஞ்சனி காலடியில் கிடந்த சுருள்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

“அவன அப்டிப் பேசனாங்களேன்னு எழுதனேன். அவ்ளோதான். நீ வருவேன்னு பார்த்துக்கினு இருந்தேன்.”

படியில் கால் வைத்தவள், ஏதோ ஞாபகம் வந்தவள் போல நின்றாள். திரும்பிப் பார்க்காமலே, “ஞாயித்துக்கெழம இனிமே அம்மா வெளிய வுடாதுக்கா” என்றாள். கண்டக்டர் விசிலை ஊதினார்.

பஸ் கூட்டு ரோட்டில் திரும்புகிறவரை ரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கண்ணாடியில் கறுப்புத் திரையும் விளக்கில் ஒன்றும் மிச்சம் இருந்தன. பரோட்டாக் கடைக் கதவில் இன்னும் ஒரு முகம் பாக்கி. கடைக்காரன் வந்து திறப்பதற்குள் சுரண்டிவிட வேண்டும். வாளியில் தண்ணீர் இல்லை. குழாயைத் தேடிக்கொண்டு நடந்தாள். விரலிடுக்கில் பசை காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தது.